கையிருப்பின் ஆழம்: டெக்சாஸ் சீட்டாட்ட உத்தி வளர்ந்த வரலாறு

சூதாட்டத்தைப் பற்றி ஒரு பள்ளியாசிரியன் எழுதலாமா என அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வள்ளுவர் பொருட்பாலில் தனி அதிகாரமே வகுத்துக் கடிந்த தீமை அது. ஆயினும் தீமைக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்குள் கணக்கும் உண்டு. நோயை ஆராயும் மருத்துவரை, நோயின்மேல் ஆசை கொண்டவர் என்று எவரும் சொல்வதில்லை.

நான் இத்துறையில் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டப் பள்ளியில் படித்து இன்று நகரத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், கைப்பேசியில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடி மூன்று மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு என்னிடம் வந்தார். அறிவுரை கேட்க அவர் வரவில்லை. “ஐயா, எல்லாருக்கும் அதே ஐம்பத்திரண்டு சீட்டுத்தானே! சில நாள் எனக்கு நல்ல சீட்டே வருகிறது. அப்படியும் நான் மட்டும் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்?” என்றார். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரராக இருந்தவர் அவர். இக்கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கினேன். விடை சீட்டில் இல்லை, சீட்டுக்குப் பின்னால் மேசைமேல் இருக்கும் பணத்தின் அளவில் இருக்கிறது என்று கண்டேன். அவ்வுண்மையை ஆட்டக்காரர்களே கண்டறியப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

போக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை ஒட்டி உருவாகி, மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் பரவிய ஆட்டம். முதலில் 20 சீட்டுகளை நால்வர் ஆளுக்கு ஐந்தாகப் பகிர்ந்து ஆடினர். பின்னரே 52 சீட்டுக் கட்டு வழக்கத்துக்கு வந்தது. கையில் வந்த சீட்டுக்கு ஏற்பப் பந்தயம் கட்டுவர். எதிராளி அதே அளவு பணம் வைத்து ஈடு கட்டலாம். அதற்கு மேலும் ஏற்றலாம். அஞ்சினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். எல்லாரும் விலகிவிட்டால் எஞ்சியவருக்கே நடுவிலுள்ள குவியல் முழுதும் சேரும். அவர் கையில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியதுமில்லை. வெறுங்கையோடு மிரட்டுவதற்கு வழி திறந்தது இங்கேதான்.

இவ்வகை ஆட்டத்தில் ஒரு பெருங்கேடு உண்டு. பெருஞ்செல்வர் ஒருவர், எதிராளியால் கட்ட இயலாத தொகையைப் பந்தயமாக வைத்து அவரை விரட்டிவிடலாம். எதிராளியோ வெறி மிகுந்து வீட்டையும் நிலத்தையும் வைத்துவிடலாம். இவ்விரண்டையும் தடுக்க எழுந்ததே ‘மேசைப் பண’ விதி. ஓர் ஆட்டம் தொடங்கும்போது தம்முன் மேசைமேல் எவ்வளவு வைத்திருக்கிறாரோ, அவ்வளவே ஒருவர் அவ்வாட்டத்தில் இழக்கவும், எதிராளி ஒவ்வொருவரிடமிருந்தும் வெல்லவும் கூடும். இடையில் சட்டைப் பையில் கைவிடலாகாது. பணம் குறைந்தவர் உள்ளதை முழுதும் வைத்துவிட்டு இறுதிவரை நிற்கலாம். அவரை மிரட்டி எழுப்ப முடியாது. அத்தினாபுரத்து மண்டபத்தில் இவ்விதி ஒன்று இருந்திருப்பின் தருமன் தம்பியரையும் பாஞ்சாலியையும் வைத்திருக்க முடியாது. பாரதக் கதையே வேறாகியிருக்கும்.

இவ்விதியினால் ஒரு புதிய அளவு பிறந்தது. இருவர் மோதும்போது ஒருவரிடம் 1,000 வெள்ளியும் மற்றவரிடம் 100 வெள்ளியும் இருந்தால், ஆட்டம் நடப்பது 100 வெள்ளிக்குத்தான். மீதி 900 மேசையை அலங்கரிப்பதற்கே. இருவரில் குறைந்தவரின் கையிருப்பே அவர்களுக்கிடையில் மெய்யான கையிருப்பு. அது ஆழமா, மேலோட்டமா என்பதைப் பொறுத்தே உத்தி அமையவேண்டும். ஆனால் இதை முதலில் உணர்ந்தவர்கள் கணித அறிஞர்கள் அல்லர், டெக்சாஸ் மாநிலத்து நாடோடிச் சூதாடிகளே.

‘டெக்சாஸ் ஹோல்டம்’ என்னும் வகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநிலத்து ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் தோன்றியதாக டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் தீர்மானம் இயற்றிச் சிறப்பித்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் மூன்று, அதன்பின் ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் விரிக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்தவர் வெல்வார். பொதுச் சீட்டுக்கு முன் ஒன்று, ஒவ்வொரு விரிப்புக்கும் பின் ஒன்று என நான்கு முறை பந்தயம் நடக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பாராமலே சிறிய முன்பணமும் பெரிய முன்பணமும் கட்டாயமாக வைப்பர். பெரிய முன்பணத்தை ஓர் அலகாகக் கொண்டு கையிருப்பை அளப்பது மரபு. 100 அலகு நடுத்தரம். 200க்கு மேற்பட்டதை ஆழம் என்பர்.

‘எல்லையில்லா’ ஆட்டத்தில் எந்த முறையிலும் தம்முன் உள்ளது அத்தனையும் வைக்கலாம். பழைய போக்கரில் பந்தயம் கட்டும் வாய்ப்பு இரண்டே முறை. இதிலோ நான்கு முறை. ஆகவேதான் இதில் தந்திரத்துக்கு இடம் மிகுதி என்று அக்காலத்து ஆட்டக்காரர் கிராண்டல் ஆடிங்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

டெக்சாஸில் அக்காலத்தில் சூதாட்டம் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம் எனப்பட்ட தாமஸ் பிரெஸ்டன், செய்லர் ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் கூட்டு முதல் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காரோட்டிச் சென்று ஆடினர். காவலர்க்கும் அஞ்சவேண்டும், கொள்ளையர்க்கும் அஞ்சவேண்டும். பல ஆண்டு சேர்த்த அம்முதல் முழுவதையும் லாஸ் வேகாஸுக்குச் சென்ற முதற் பயணத்திலேயே இழந்து கூட்டைக் கலைத்தனர் என்பதும் வரலாறே. டெக்சாஸ் ஆட்டத்தை அந்நகருக்கு 1963இல் கொண்டு சென்றவர் கார்க்கி மெக்கார்க்கடேல் என்பர். 1970இல் பென்னி பினியன் தமது ‘ஹார்ஸ்ஷூ’ சூதாட்ட விடுதியில் உலகப் போக்கர் தொடர் எனப் பெயரிட்டு ஆட்டக்காரர்களைக் கூட்டினார். அவ்வாண்டு வெற்றியாளர் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டார்; வாக்குப் பெற்றவர் ஜானி மாஸ். அடுத்த ஆண்டிலிருந்துதான், ஒருவர் எஞ்சும்வரை ஆடும் போட்டியாக அது மாறிற்று.

பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டாண்டும் அப்போட்டியை வென்றார். இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் அவர் கையிலிருந்தவை பத்தும் இரண்டும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது குருட்டு நல்வாய்ப்பு. ஆனால் அவர் 1970களின் இறுதியில், போக்கர் ஆடிப் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் ஈட்டியது எப்படி என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட பெரு நூலை (பின்னர் ‘சூப்பர் சிஸ்டம்’ எனப் பெயர் மாறியது) படிப்போர்க்கு அதன் பின்னுள்ள கருத்து விளங்கும். ஆஸ், ராஜா போன்ற பெருஞ்சீட்டுகளையே எல்லாரும் விரும்பிய காலத்தில், ஒரே இனத்து ஏழும் ஆறும் போன்ற அடுத்தடுத்த சிறு சீட்டுகளில் தமக்கு ஆர்வம் உண்டு என்று அவர் எழுதினார். அறியாமையா அது? அன்று, கையிருப்பின் ஆழத்தை அறிந்த அறிவு.

ஆசிரியர் அன்பர்கள் ஒரு கணக்கைப் பொறுத்தருள வேண்டும். ஒருவர் கையில் இரண்டு ஐந்துகள் வந்திருக்கின்றன. விரிக்கப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டில் மூன்றாவது ஐந்து (அல்லது இரண்டும்) வருவதற்கான வாய்ப்பு 17இல் 2. எதிராளி 6 அலகு பந்தயம் கட்டியிருக்கிறார். ஐந்து வராவிட்டால் அந்த 6 அலகோடு விலகிவிடலாம். 17 முறை ஆடினால் 15 முறை தோல்வி. இழப்பு 90 அலகு. எதிராளியிடம் இருப்பதே மொத்தம் 20 அலகு என்று வையுங்கள். வெல்லும் இரண்டு முறையும் அவருடைய 20ஐயும் முழுதாகப் பெற்றாலும் வரவு 40தான். நட்டம் உறுதி. இனி, அதே எதிராளியிடம் 300 அலகு இருப்பதாகக் கொள்வோம். அவர் கட்டிய 6 போக மீதி 294இல், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக 100 அலகு மட்டுமே ஒவ்வொரு வெற்றியிலும் சராசரியாகக் கிடைத்தாலும் இரண்டு முறைக்கு 212 அலகு வரவு. சீட்டு அதே சீட்டு. வாய்ப்பு அதே 17இல் 2. ஆழம் மாறியதும் நட்டம் இலாபமாயிற்று.

நம் இளைஞருக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, நீ ஈடு கட்டியபோதெல்லாம் எதிராளி முன் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். திரையில் அந்த எண் இருக்கும், ஆனால் பார்த்ததில்லை என்றார்.

இப்படி, இப்போது குவியலில் உள்ளதை மட்டுமன்றி இனிமேல் வரக்கூடியதையும் சேர்த்து எண்ணும் முறைக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தவர்களுள் முதன்மையானவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. பிரன்சன் நூலுக்கு ஒரு பகுதி எழுதியவர். 1987இல் வெளிவந்த ‘போக்கர் கோட்பாடு’ அவருடைய பெயர் பெற்ற நூல். இவ்வெண்ணத்துக்கு மறுபுறமும் உண்டு என்று அவர் காட்டினார்: சில சீட்டுகள் சிறு குவியலை வென்று பெருங்குவியலைத் தோற்கும் தன்மை உடையன.

அம்மறுபுறந்தான் பலரை அழித்தது. ஆஸும் ராஜாவும் வைத்திருப்பவருக்குப் பொதுச் சீட்டில் ஓர் ஆஸ் விழுகிறது. 40 அலகு மட்டுமே மீதியிருந்தால் அவர் தயங்காமல் அத்தனையும் வைக்கலாம். 300 அலகு இருக்கும்போது எதிராளி 300ஐயும் வைக்க முன்வருகிறார் என்றால், ஓர் இணையைவிடத் தாழ்ந்த சீட்டோடு அவர் அதைச் செய்வது அரிது. ஒரே இனத்து ஐந்து சீட்டுகள் சேர்வதிலும் அப்படியே. ஆஸைத் தலையாக உடைய ஐந்து வெல்லும்; ராஜாவைத் தலையாக உடைய ஐந்து ஆழ்ந்த மேசையில் ஆண்டியாக்கும். இரண்டாவது சிறந்த கைதான் மிகுந்த விலை கொடுக்கும் கை.

ஆழம் ஏன் இவ்வளவு செய்கிறது? குவியல் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. முதல் மூன்று பொதுச் சீட்டு விழும்போது குவியலில் 10 அலகு என்க. ஒருவர் 10 வைக்க மற்றவர் ஈடு கட்டினால் 30. அடுத்த சீட்டுக்குப் பின் 30க்கு 30 கட்டினால் 90. இறுதிச் சீட்டுக்குப் பின் 90க்கு 90 கட்டினால் 270. ஆளுக்கு 130 அலகு இறங்கியிருக்கும். அதில் 90 கடைசி முறையில் மட்டும். இருவரிடமும் 40 அலகே மீதியிருந்திருந்தால், 10ம் 30மாக இரண்டாம் முறையிலேயே பணம் தீர்ந்து, கடைசிச் சீட்டில் முடிவெடுக்க ஒன்றுமே இருந்திராது. மேலோட்டமான ஆட்டத்தில் முடிவுகள் விரைவில் தீர்ந்துபோகின்றன, மீதியைச் சீட்டே தீர்மானிக்கிறது; ஆழ்ந்த ஆட்டத்தில் மிகப்பெரிய தொகை மிகக் கடினமான முடிவின்மீது வந்து நிற்கிறது. பின்முறையில் அமர்ந்து, பிறர் செயலைக் கண்டபின் பேசுபவர்க்குள்ள மேன்மையும் இதனாலேயே ஆழத்தோடு வளர்கிறது. முதல் மூன்று சீட்டு விழுந்ததிலிருந்து கடைசிவரை அவரே பின்னால் பேசுகிறார். தொகை பெருகப் பெருக அந்தச் செய்தியின் விலையும் பெருகும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். மேசைமேல் உள்ள ஆழம் வேறு, சட்டைப் பையின் ஆழம் வேறு. பின்னதன் கணக்கு மிகப் பழையது. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதம் எழுதித் தொடங்கிய நல்வாய்ப்புக் கணிதத்தில், ஒருவர் முற்றும் அழியும்வரை ஆடினால் என்னாகும் என்பதும் விரைவிலேயே இடம்பெற்றது. 1657இல் வெளிவந்த ஹைகன்ஸ் நூலில் அது ஒரு பயிற்சிக் கணக்கு. இருவரும் சமவலிமை உடையவரானாலும், 100 உள்ளவர் 900 உள்ளவரோடு முடிவுவரை ஆடினால் முழுதும் வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்றே. மேசைப் பண விதி ஓர் ஆட்டத்தில் ஏழையைக் காக்கும்; ஓர் இரவு முழுதும் காக்காது. இதனோடு, ஆட்டத்தை நடத்தும் விடுதி ஒவ்வொரு குவியலிலும் எடுத்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதே இவ்வரலாற்றில் நான் மிகுதியும் எண்ணிப் பார்த்த பகுதி. இவ்வளவு புகழோடு லாஸ் வேகாஸில் புகுந்த எல்லையில்லா ஆட்டம், 1980களிலும் 1990களிலும் போட்டிகளில் நிலைத்ததேயன்றி, அன்றாடப் பணமேசைகளில் அருகிப்போயிற்று. சட்டம் அதைத் தடுக்கவில்லை. அதன் ஆழமே அதைக் கொன்றது. திறமை மிக்கவர், திறமை குன்றியவரின் பணத்தை ஓரிரவில் துடைத்துவிட்டார். துடைக்கப்பட்டவர் திரும்பி வரவில்லை. மேசைக்கு உணவே இல்லாமற் போயிற்று. ஆகவே பந்தயத் தொகையை முன்கூட்டியே வரையறுத்த ‘எல்லையுள்ள’ ஆட்டமே விடுதிகளில் கோலோச்சியது. அதில் தோற்பவர் மெல்லத் தோற்பார்; இடையிடையே வெல்லவும் செய்வார்; மறுவாரம் வருவார். பிரன்சனும் தம் நூலை எழுதியதற்குப் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. மறைபொருளை விற்றதால் எதிராளிகள் தேறிவிட்டனராம்!

தேறியவரும் தப்பினாரா என்றால் அதுவும் இல்லை. 1980இல் இறுதியாட்டத்தில் பிரன்சனையே வென்று, 1981இலும் 1997இலும் மீண்டும் உலகப் பட்டம் பெற்ற ஸ்டூ அங்கர், 1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் விடுதியறை ஒன்றில் இறந்து கிடந்தார். வயது 45. முந்தின ஆண்டுதான் பத்து இலட்சம் வெள்ளி பரிசு பெற்றிருந்தார். மேசைமேல் அவருக்கு நிகரில்லை. குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போதைப்பொருளிலும் போயிற்று பணம். ஈமச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினர்.

எல்லையில்லா ஆட்டம் மறுபிறப்பு எடுத்தது தொலைக்காட்சியாலும் இணையத்தாலும். மறைத்து வைத்த சீட்டைப் பார்வையாளர்க்குக் காட்டும் கருவி 1999இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பயன்பட்டது. இணையத்தில் பணத்துக்கு ஆடும் வசதி 1998இல் வந்தது. 2003இல், இணையப் போட்டி வழியாக இடம்பெற்ற டென்னசி மாநிலத்துக் கணக்கர் ஒருவர், 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் வென்று 25 இலட்சம் வெள்ளி பெற்றார். அவருடைய குடும்பப் பெயர் மணிமேக்கர், பணம் செய்பவர் என்று பொருள். கதை எழுதுவோர்கூட அப்படிப் பெயரிடக் கூசுவர்.

புதிதாக வந்த கூட்டத்தை விரட்டிவிடாதிருக்க விடுதிகளும் இணையத்தாரும் பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டனர். மேசைக்குக் கொண்டுவரும் பணத்துக்கு உச்சவரம்பு வைத்தனர். 100 அலகு என்பது பரவலான அளவாயிற்று. எல்லையில்லா ஆட்டத்துக்கே ஓர் எல்லை! வரம்பு வந்ததும் உத்தி நூல்களும் அதற்கேற்ப அமைந்தன. 2007இல் ஃபிளின், மேத்தா, மில்லர் ஆகிய மூவர் எழுதிய நூல், குவியலைப்போல் கையிருப்பு எத்தனை மடங்கு என்னும் விகிதத்தை முதல் மூன்று பொதுச் சீட்டு விழும்போதே கணக்கிட்டு, அதற்கேற்பத் திட்டமிடக் கற்பித்தது. நாடோடிகள் உள்ளுணர்வால் அறிந்தது வகுத்தலாக மாறிற்று. வரம்பு இருந்தும், வென்று பணம் சேர்த்தவர் மேசையை விட்டு எழாமல் இருக்கும்வரை ஆழம் தானே வளரும். 100 அலகோடு அமரும் புதியவர் தமக்கு 100 அலகு ஆட்டம் என்று எண்ணுவார். இரட்டித்தவுடன், தெரியாமலே 200 அலகு ஆட்டத்துக்குள் நிற்பார். நம் இளைஞர் பெரும்பாலும் தோற்றது வென்ற நாட்களின் பிற்பகுதியில் என்று அவர் வாய்மொழியாலேயே அறிந்தேன்.

கணித அறிஞர்களும் வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தனர். பிரெஞ்சு நாட்டு எமீல் போரெல் 1921 முதலும், ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன் 1928இலும் ஆட்டங்களைக் கணிதமாக்கினர். 1944இல் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து வான் நாய்மன் எழுதிய பெருநூலில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. வெறுங்கை மிரட்டல் குணக்கேட்டால் வருவதன்று, சரியான ஆட்டத்தின் இன்றியமையாத உறுப்பு என்றும், மிரட்டுவதற்கு உரியவை நடுத்தரச் சீட்டுகள் அல்ல, மிகக் கீழானவையே என்றும் அவர் நிறுவினார். ஆனால் அவர் ஆராய்ந்தது மிகச் சுருக்கிய மாதிரி. மெய்யான ஆட்டத்தை அணுகக் கணினி வேண்டியிருந்தது.

எல்லையுள்ள இருவர் ஆட்டத்தில் முடிவெடுக்கும் இடங்கள், 1க்குப் பின் 14 சுழியங்கள் இட்ட அளவு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் அதனை ஏறத்தாழ முழுதும் தீர்த்தனர். ஒவ்வொருவரும் 200 அலகோடு ஆடும் எல்லையில்லா இருவர் ஆட்டத்திலோ 160 சுழியங்கள். அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘கிளாடிகோ’ என்னும் நிரல் அவ்வாழத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரரோடு 80,000 ஆட்டம் ஆடித் தோற்றது. 2016 இறுதியில் ஆல்பர்ட்டாவினரும் பிராக் நகரத்து அறிஞரும் ஆக்கிய நிரல், 17 நாடுகளைச் சேர்ந்த 33 ஆட்டக்காரரோடு 44,852 ஆட்டம் ஆடி வென்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘டீப்ஸ்டாக்’. ஆழ்ந்த கையிருப்பு என்றே பொருள். 2017 சனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலனாரின் ‘லிப்ரேட்டஸ்’ 20 நாட்களில் 120,000 ஆட்டம் ஆடி, நால்வரையும் சேர்த்து 17 இலட்சத்து 66 ஆயிரம் வெள்ளி அளவுக்கு வில்லைகளை வென்றது. மனிதர்களைத் திகைக்கவைத்தது அதன் பந்தய அளவு. குவியலில் சிறு தொகை கிடக்கும்போது அதைப்போல் பன்மடங்கை அது சட்டென்று வைக்கும். பழக்கத்தால் மனிதர் குவியலின் அளவுக்குள்ளேயே பந்தயம் கட்டிவந்தனர். ஆழம் அதற்கு மேலும் இடம் தந்திருந்ததை அவர்கள் பயன்படுத்தவே இல்லை.

இப்போட்டிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இருதரப்புக் கையிருப்பும் மீண்டும் 20,000 வில்லைகளாக நிரப்பப்பட்டது. தொகை மாறிக்கொண்டே போனால் ஒவ்வோர் ஆழத்துக்கும் வேறு கணக்கு வேண்டும் என்பதால் ஆய்வாளர் ஆழத்தை ஒரே அளவில் நிறுத்திவைத்தனர். 2019இல் ஆறுபேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற ‘புளூரிபஸ்’ நிரலுக்கும் அப்படியே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 100 அலகு நிரப்பி வைத்தனர்.